அரசங்கன்றுக்குச் சட்டம் தெரியாது

கே: அமெரிக்காவில் லத்தீன் வம்சாவளியினர் தங்கள் பேட்டைகளையே பாரம்பரியச் சின்னமாக்கிக் காக்கிறார்களாமே! நம்மூர்க் கோட்டைக்கு அந்த யோகம் உண்டா?
- ஒரு வாசகர், ஆத்தூர்

ப: சான் டியேகோவில் 1970-இல், மேம்பாலத்துக்கு அடியில் தங்களுக்குப் பூங்கா வேண்டும் என்று கேட்ட இடத்தில் போலீஸ் நிலையம் கட்ட வந்தார்கள். மெக்சிக வம்சாவளி மக்கள் புல்டோசரை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். பாலத் தூண்களெல்லாம் அவர்கள் வரைந்த ஓவியங்கள். இன்று அந்த சிக்கானோ பூங்கா தேசிய வரலாற்றுச் சின்னம்!

நம் ஆத்தூரின் வசிஷ்ட நதிக்கரைக் கோட்டைக்கும் சட்டத்தில் குறையில்லை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு இருக்கிறது. தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தப்படி, சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. மதில் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றுதான் அந்தத் திருத்தத்தைப் படிக்கவில்லை. தொல்லியல் துறை வைக்கும் நீலப் பலகை அதை மிரட்டாது. வேரோடு பிடுங்க ஆள் வேண்டும். காயநிர்மலேஸ்வரரைக் கும்பிடக் கோட்டைக்குள் போகிறவர்கள், வரும் வழியில் மதிலையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம். அர்ச்சனைச் சீட்டு கேட்க மாட்டார்கள்.