பாதியில் நின்ற கரகரப்பிரியா

அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். இந்தக் கணக்கு தெரியாத பிள்ளைகள் இன்று எங்கள் புதுப்பட்டினத்தில் பெருகிவிட்டார்கள். தெரிந்தவர்களுக்கோ, முப்பதாவது நிமிடத்தில் பொத்தான் ‘டக்’கென்று எழும்பும் ஓசை இன்னும் காதில் இருக்கும். என் வாழ்நாளில் மிக நீண்ட நாள் ஓடிய ஆலாபனை அந்த ‘டக்’கில்தான் தொடங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை இரவு, வானொலியில் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோன் கச்சேரி. ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஒரு கருவியை அப்பா வாங்கிப் போட்டிருந்தார். அதன் முன்னால் நான் சம்மணமிட்டு உட்கார்ந்து, அறிவிப்பாளர் பேசி முடிக்கும்வரை இரண்டு விரல்களையும் பொத்தான்கள் மேல் வைத்துக் காத்திருந்து, வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று ஆணையிட்டு, முதல் சுரம் எழுந்த நொடியில் அமுக்கினேன். வானொலியிலிருந்து நேரே பதிவாகும்போது வீட்டார் பேச்சு கேசட்டில் ஏறாது என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஆனாலும் அந்த அரை மணி நேரம் அம்மா அடுக்களையில் பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைத்தாள். ஒரு பாட்டுக்காக வீடே மூச்சடக்கி இருந்த ராத்திரிகள் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும்.

அதுவரை சாக்ஸபோன் என்றால் எங்களுக்குக் கல்யாண ஊர்வலத்து பேண்டு செட்டுதான். மாப்பிள்ளைக் காருக்கு முன்னால் சரிகை வைத்த சட்டைக்காரர் ஒருவர் வளைந்த குழலைத் தூக்கிச் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டு போவார், நாங்கள் பின்னால் ஓடுவோம். கோயிலுக்கு நாகஸ்வரம், தெருவுக்கு சாக்ஸபோன் என்பது எழுதாத சட்டம். 1994இல் பாலசந்தரின் ‘டூயட்’ வந்தது. படத்தில் பிரபு வாசிக்கிறார், உண்மையில் வாசித்தவர் கத்ரி. ஏ.ஆர். ரகுமானுக்காக ராகம் ராகமாக வாசித்துக் காட்டியும் அவர் மனம் நிறையாமல், கடைசியில் கல்யாணவசந்தத்தை எடுத்தபோதுதான் முகம் மலர்ந்தது என்று கத்ரியே சொல்லியிருக்கிறார். டீக்கடையில், சலூனில், கல்பாக்கம் பேருந்தில் என்று அந்தக் கல்யாணவசந்தம் எங்கள் ஊர் முழுக்க ஓடியது. ராகத்தின் பெயர் தெரியாதவர்களும் அதை விசிலடித்தார்கள்.

அவர் கதையை நான் பத்திரிகைத் துணுக்குகளிலிருந்து சேர்த்துக்கொண்டேன். 1949இல் தென் கன்னட மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா தனியப்பா நாகஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்ட சிறுவனுக்கு நாகஸ்வரம் பின்னுக்குப் போய்விட்டது. பெல்ஜியக்காரர் அடால்ப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற குழல் அது. அதன் சாவிகள் சுரத்துக்குச் சுரம் படியேறிப் போவதற்கென்றே செய்யப்பட்டவை. நம் சங்கீதமோ இரண்டு படிகளுக்கு நடுவில் இருக்கும் சரிவில்தான் உயிர் வைத்திருக்கிறது. அந்தப் பித்தளையை வளைத்து கமகம் பேசவைக்க அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணன் குருவாக இருந்து செதுக்கினார்.

1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் கலிபோர்னியாவின் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அவரைக் கேட்டுவிட்டு, தாமும் அவரோடு சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார். ஜாஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தம் கற்பனையை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்திக்கொள்வார், இன்னொருவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டு போவார். நிறுத்துவது என்பது அங்கே அடுத்தவருக்கு வழி விடுவது. நம் மேடையில் வயலினுக்கு விட்டுக்கொடுப்பதைப் போலத்தான். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், பிபிசியின் ப்ராம்ஸ் இசைவிழாவிலும் கத்ரி வாசித்தார்.

என் கேசட்டுக்கு வருகிறேன். அன்று அவர் எடுத்தது கரகரப்பிரியா. மெல்ல மெல்ல மேலேறி, மேல் சட்ஜத்தைத் தொட்டுத் தொட்டு விலகி, இதோ நின்றுவிடப் போகிறார் என்று நான் முன்னால் சாய்ந்த கணத்தில், டக். பதறிப்போய்ப் பக்கத்தைத் திருப்பிப் போடுவதற்குள் ஆலாபனை முடிந்து வயலின் தொடங்கியிருந்தது. பதிவிலேயே கவனமாக இருந்த எனக்கு, அந்தச் சில நொடிகளில் வானொலி பாடிக்கொண்டுதான் இருந்தது என்பது காதில் ஏறவேயில்லை.

அந்தக் கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளையும் மறுநாளே உடைத்தேன். உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. பிறகு வருடக்கணக்கில், சைக்கிளில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போகும் சாயங்காலங்களில், அவர் விட்ட இடத்திலிருந்து ராகத்தை நானே முடித்துக்கொண்டு போவேன். ஒரு நாள் மேலே நிறுத்துவேன், ஒரு நாள் இறங்கி வந்து பஞ்சமத்தில் இளைப்பாறுவேன். கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைப் பலகைகளில் பெயரும் ஆண்டும் செதுக்கியிருக்கும், முந்நூறு வருடமாக அழியவில்லை. குரலைச் செதுக்கிவைக்கத்தான் கல்லுக்குத் தெரியவில்லை என்று அந்த வயதில் பெரிய சிந்தனையாக நினைத்துக்கொண்டு, முனகிக்கொண்டே வீடு திரும்புவேன்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருந்த நண்பர் ஒருவரிடம் இதைவிடப் பெரிய சேமிப்பு இருந்தது. பெட்டி பெட்டியாகக் கேசட், ஒவ்வொன்றின் உறையிலும் ராகம், தாளம், பக்கவாத்தியம், தேதி, எல்லாம் பச்சை மையில். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வீட்டுக்குள் வந்தது. உயிர் பிழைத்தவர்கள் கேசட்டுக்காக அழமாட்டார்கள், அவரும் அழவில்லை. பல மாதம் கழித்து, சேறு காய்ந்த நாடா ஒன்றைப் பென்சில் செருகிச் சுற்றிக்கொண்டே, “அட்டவணை எனக்கு மனப்பாடம்” என்று மட்டும் சொன்னார்.

2019 அக்டோபர் 11ஆம் தேதி கத்ரி மங்களூரில் மறைந்தார். அன்று இரவு செல்போனில் தேடினால், அவருடைய கச்சேரிகள் வரிசைகட்டி நின்றன. இப்போது சென்னை மியூசிக் அகாடமியின் ‘டேக்’ இசைக் காப்பகத்தில், திரையைத் தொட்டுக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால், மறைந்த மேதைகளை மணிக்கணக்கில் கேட்கலாம். ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா 2008இல் கத்ரியோடு சேர்ந்து வெளியிட்ட ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தே கேட்டுவிட்டேன். அந்த நாளில் அதற்கு எத்தனை பேரிடம் சொல்லிவைத்து எத்தனை மாதம் காத்திருந்திருப்பேன்! இந்த வசதியை நான் குறை சொல்லமாட்டேன். பச்சை மையில் எழுதிய அந்தப் பெட்டிகளுக்கு இது அன்றே இருந்திருந்தால், ஒரு கடலால் அவற்றைத் தொட்டிருக்க முடியாது.

கரகரப்பிரியாவையும் தேடினேன். ‘டக்’ இல்லாமல் முடிகிற ஆலாபனைகளைக் கண்களை மூடிக்கொண்டு கேட்டேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முடிந்தது, என் கேசட்டின் முடிவு எதிலும் இல்லை. இருக்கவும் முடியாது. கற்பனை சங்கீதம் அந்தந்த இரவுக்கு மட்டும் பிறப்பது. ஆயிரம் இரவுகளைச் சேர்த்துவைத்த காப்பகத்திலும் ஆயிரத்தோராவது இரவு வெளியேதான் நிற்கும். அதைச் சுமப்பதற்குக் கேட்டவர் யாராவது வேண்டும்.

சென்ற வருடம் செங்கல்பட்டில் ஓர் இளைஞரிடம் கொடுத்து அந்தக் கேசட்டைச் செல்போனுக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு குறைதான். நின்ற நொடியில் செல்போன் தானாகவே அடுத்த பாட்டுக்குத் தாவியது. முன்பெல்லாம் பக்கம் முடிந்தால் அறையில் ஒரு நிசப்தம் விழும். என் முனகல்கள் அத்தனையும் அந்த நிசப்தத்தில் பிறந்தவை. பேத்தியிடம் சொல்லி அந்தத் தாவலை நிறுத்திவைத்தேன்.

இப்போதும் சாயங்காலம் கோட்டைப் பக்கம் நடக்கிறேன். காதில் கத்ரி ஏறுகிறார், மேல் சட்ஜத்தைத் தொடுகிறார், விலகுகிறார். டக். அவர் வழி விட்டுவிட்டார். இனி என் முறை.