கைகால் எல்லையியல்: ஆலந்தலைக் கரையிலிருந்து ஒரு முன்னாய்வு

எக்ஸ்ட்ரீமிட்டி என்றோர் ஆங்கிலச் சொல். கடைக்கோடி எல்லைக்கும் அதுவே பெயர், பன்மையில் கைகாலுக்கும் அதுவே பெயர். உறுப்பும் எல்லையும் ஒரே சொல்லில் ஏன் குடித்தனம் நடத்துகின்றன? விடை திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலையில் கிடைக்கும் என்பது இவ்வாய்வின் துணிபு. எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம். ஆய்வுக்களத்தின் பெயரும் தலையில் முடிவதைத் தற்செயல் என்போருக்கு ஆய்வு மனம் போதாது.

முதற்சான்று பாகம். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்நுனி தொட்டு விரல்நுனி வரை கயிற்றைப் பிடித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய 6 அடி. மீனவர் கடலாழம் சொல்வது இதில்தான். வெள்ளையர் பெருமையோடு வரைபடத்தில் குறித்த ஃபேதமும் பழைய ஆங்கிலத்தில் விரித்த கைகளே. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் பெரும்பாலும் 5 முதல் 10 பாக ஆழத்தில் கிடக்கின்றன. யாருடைய பாகம் என்று கேட்பது நியாயமே. நெட்டைக் கையருக்கு ஆழம் குறையும், குட்டைக் கையருக்குக் கூடும். கடல் இரண்டையும் பொருட்படுத்துவதில்லை. திருச்செந்தூர்ப் பூக்கடையில் இதே வழக்கு முழத்தில் நடக்கும். அங்கே முழங்கை விற்பவருடையது, சந்தேகம் வாங்குபவருடையது.

அடுத்தது கால். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியைக் கரையைவிட்டு நகராத ஒருவர்தாம் செய்திருக்க வேண்டும். முத்துக்குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, காலை முன்னே விட்டுத்தான் இறங்கினார்கள். மூச்சு முட்டியதும் கயிற்றை ஒரு சுண்டு. மேலே தோணியில் இருந்தவர் இழுத்தார். மூச்சின் எல்லையை இன்னொருவர் கை படித்த கலை அது. தூத்துக்குடியில் அந்தக் குளிப்பு 1961-உடன் நின்றது.

அரசு போட்ட எல்லைகளுக்கோ உறுப்பே கிடையாது. விசைப்படகுகள் கரையிலிருந்து குறித்த தொலைவுக்கு அப்பால்தான் மீன்பிடிக்கலாம் என்கிறது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். மன்னார் வளைகுடாவில் இந்தியாவையும் இலங்கையையும் பிரிக்கும் கோடு 1976 ஒப்பந்தத்தில் பிறந்தது. கை எட்டாது, கால் படாது, ஜி.பி.எஸ். திரையில் மட்டும் தெரியும். தாண்டியதாகப் பிடித்தால் மட்டும் அந்தக் கோட்டுக்கு நம் கை ஞாபகம் வந்துவிடும், விலங்கு மாட்ட.

தீராத சிக்கல் ஒன்றே. நைலான் கயிறு கடையில் கிலோவில் விற்கிறது, கடலில் பாகத்தில் இறங்குகிறது. கிலோவுக்கு எத்தனை பாகம் என்று கேட்டால் கடைக்காரர், "எத்தனை எம்.எம். கயிறு அண்ணாச்சி?" என்கிறார்.