கேள்வி-பதில்: வடாமுக்கும் வெயில், வாட்டுக்கும் வெயில்

குடும்பத் தலைவி, சாலவாக்கம்
கே: மாடி முழுக்க சோலார் போடப்போறேன் என்கிறார் வீட்டுக்காரர். வடாம் எங்கே பிழிவது, மாமா?
ப: ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போதும். மூன்று கிலோவாட் என்றால் 300. மிச்ச மாடி உங்களுக்கு. ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டித் தருவதாகக் கம்பெனிக்காரர் ஆசை காட்டினால் மயங்காதீர்கள். கீழே கிடைப்பது நிழல். அதில் வடாம் காயாது, வீட்டுக்காரர்தான் கட்டில் போடுவார்.

ஆசிரியர், உத்திரமேரூர்
கே: சோலாரில் நிஜமாகவே லாபம் உண்டா?
ப: முதலில் கரண்ட் பில்லை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் என்றால் அரசே இலவசமாகத் தருகிறது. பூஜ்யத்தைக் குறைக்க லட்ச ரூபாய் செலவழிப்பது பக்தியில் சேரும், கணக்கில் சேராது. 500-ஐத் தாண்டும் ஏ.சி. குடும்பம் என்றால் கதை வேறு. மேல்படி யூனிட்டின் விலைதான் உறைக்கும். பேனல் முதலில் வெட்டுவதும் அதைத்தான். மூன்று கிலோவாட் போட்டால் நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரை கிடைக்கும்.

அதே ஆசிரியர் (விடமாட்டார் போலிருக்கிறது)
கே: மானியம்?
ப: 2024-ல் வந்த பி.எம். சூர்யகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000. பத்து கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். பணம் வேலை முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். விற்பவர் மானியத்தைக் கழித்து விலை சொல்வார், கழிக்காமல் வாங்குவார்.

வாடகைக் குடித்தனக்காரர், காஞ்சிபுரம்
கே: எங்களுக்கு மானியம் கிடையாதா?
ப: பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டைப் படியுங்கள். குடவோலையில் பெயர் ஏற, சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். ஆயிரம் வருஷம் கழித்து டெல்லியும் அதையேதான் கேட்கிறது.

லாரி ஓட்டுநர், மதூர்
கே: எங்க பக்கம் கிரஷர் புழுதி. பேனல் என்ன ஆகும்?
ப: மூக்கில் ஏறும் தூசு கண்ணாடியிலும் ஏறும், உற்பத்தி விழும். விடியற்காலையில் தண்ணீர் விட்டு மெல்லிய துணியால் துடையுங்கள். உச்சி வெயிலில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் கண்ணாடி விரிசல் விடலாம். பறவை எச்சம் இன்னும் மோசம்: ஓரிரு செல்லை மறைத்தாலே பேனல் சுணங்கும். பக்கத்தில் வேடந்தாங்கல் வேறு. வெளிநாட்டு விருந்தாளி, திட்டவும் முடியாது.

மளிகைக் கடைக்காரர், சாலவாக்கம்
கே: மாடியில் சோலார் வைத்திருந்தும், தெருவில் கரண்ட் போனால் என் வீடும் இருட்டு. ஏமாற்றிவிட்டார்களா?
ப: இல்லை. லைனில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பம் ஏறிய லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் போகக்கூடாது அல்லவா? இருட்டு வேண்டாம் என்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் வாங்குங்கள். ஷாக் விலையில் அடிக்கும்.

வாஸ்து அன்பர், மதுராந்தகம்
கே: பேனல் தெற்கு பார்க்க வேண்டுமாமே! அது எமன் திசை.
ப: எமன் யார்? சூரியனின் மகன். அப்பா வேலைக்கு வருகிறார், மகன் கோபிக்க மாட்டான்.

மாணவி, செங்கல்பட்டு
கே: கத்திரி வெயிலில் கரண்ட் கொட்டுமா?
ப: பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் சோரும். கத்திரியில் அதுவும் இளநீர் கேட்கும்.

ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ., உத்திரமேரூர்
கே: புயல் அடித்தால்?
ப: 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது சென்னையில் வேர் விட்ட மரங்களே சாய்ந்தன. பேனலுக்கு வேர், நாலு போல்ட். தளத்தைத் துளையிட்டு சரியாக அடைக்காவிட்டால் ஐப்பசியில் கூடத்தில் வாளி வைப்பீர்கள். துளைக்காமல் கான்கிரீட் கட்டையால் அழுத்தினால் எடை ஏறும். பழைய மெட்ராஸ் தளம் தாங்குமா என்பதை இன்ஜினீயரிடம் கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள். பேனலுக்கு 25 வருஷ வாரண்டி தருகிறார்கள். மாடிக்கு ஒருவரும் தருவதில்லை.

அவரே
கே: தீப்பிடித்தால்?
ப: மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் ஒயரில் டி.சி. மின்சாரம் நிற்கும், சில இடங்களில் நூற்றுக்கணக்கான வோல்ட். தீயணைப்பு வண்டி வந்ததும் “மேலே சோலார் இருக்கு” என்பதை முதலில் சொல்லுங்கள். காப்பி அப்புறம் கொடுக்கலாம்.

விவசாயி, சாலவாக்கம்
கே: பம்புசெட்டுக்குத்தான் 1990-லிருந்து இலவச மின்சாரமாச்சே, சோலார் பம்பு எதுக்கு?
ப: பந்தி இலவசம்தான். இலை எப்போது விழும் என்று இணைப்புக்கு வரிசையில் நிற்பவர்களைக் கேளுங்கள்.

அரசியல் ஆர்வலர், வாலாஜாபாத்
கே: இலங்கையில் சோலாரால் நாடே இருண்டதாமே?
ப: 2025 பிப்ரவரி 9, ஞாயிறு, பட்டப்பகல். பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு புகுந்தது என்றார் அமைச்சர். விடுமுறையில் தேவை குறைவு, கூரை சோலார் அதிகம், அதனால் மின்கட்டமைப்பு தடுமாறியது என்றது மின்சார சபை. ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகலில் பேனலை அணைத்து வைக்கும்படி வீட்டுக்காரர்களையே கேட்டுக்கொண்டார்கள். எப்படியோ, போன தடவை இலங்கையைக் கொளுத்திவிட்டு வந்த குரங்கு, இந்தத் தடவை அணைத்துவிட்டுப் போயிருக்கிறது.

குறும்புக்காரர், ஊர் போடவில்லை
கே: இவ்வளவு பேசுகிறீரே, உம் வீட்டில் போட்டாச்சா?
ப: தெற்கே பக்கத்து வீட்டுத் தென்னை. தேங்காய் அவருக்கு, நிழல் எனக்கு. வெட்டச் சொல்லிக் கேட்டேன்; “சோலார் போட்டதும் எனக்கும் ஒரு லைன் இழுத்துக் கொடு” என்கிறார்.