மரையும் கூலியும்

திருகாணியின் உடம்பில் சுற்றிச் சுற்றி வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்துக்குத் தமிழில் மரை என்று பெயர். அறிவின் பிடி சற்றே தளர்ந்தவரை 'மரை கழன்றவர்' என்று சுட்டும் வழக்கும் அச்சொல்லை வைத்தே வழங்குகிறது. இவ்விரு பொருளும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பொருந்திவருவது அரிது என்றாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய செய்தித்தாளை விரித்துத் தம் காரின் அடியில் மல்லாந்து படுத்திருக்கும் உரிமையாளரிடம் அது பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிப்பதே தம் நோக்கம் என்று அவர் வீட்டாரிடம் சொல்லியிருப்பார். அந்தக் கூலி உண்மையில் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை அவர் ஆராய்ந்திருக்கமாட்டார். ஆராய்ந்திருந்தால் அவர் அங்கே படுத்திருக்கமாட்டார்.

பெரும்பாலோர் தொடங்கும் இடம் எஞ்சின் ஆயில் மாற்றுவது. எஞ்சினின் அடித்தொட்டியில், அதாவது பட்டறையில் சம்ப் எனப்படும் பகுதியில், ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றிப் பழைய ஆயிலை வடித்து, புது வாஷருடன் போல்ட்டை மாட்டி, ஃபில்டரையும் மாற்றி, மேலிருந்து மூன்று நான்கு லிட்டர் புது ஆயிலை ஊற்றினால் வேலை முடிந்தது என்று எழுதும்போது அது இட்லிக்கு மாவு கரைப்பதைவிட எளிதாகத்தான் தெரிகிறது. ஆயில் டப்பாவின் மேல் 20டபிள்யூ-40 என்பதுபோல் அச்சிட்டிருப்பதில் உள்ள டபிள்யூ, குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதை முன்னெண்ணும், எஞ்சின் சூடேறியபின் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைப் பின்னெண்ணும் தெரிவிக்கின்றன. இவற்றையெல்லாம் படித்தறிந்த உரிமையாளர், மார்கழியிலும் மின்விசிறி நிற்காத சென்னையில், குளிர்காலத்துக்கு உகந்த எண் எது என்று மூன்று வாரம் யோசித்துவிட்டுக் கடைக்காரர் எடுத்துக்கொடுத்ததையே வாங்கிக்கொண்டு வருவார்.

ஆயிலைவிடப் பெரிய சிக்கல் அந்தப் போல்ட்டை மீண்டும் இறுக்குவதில் இருக்கிறது. எவ்வளவு இறுக்குவது என்பதற்குத் திருப்புவிசை என்றோர் அளவு உண்டு. ஸ்பேனரின் நீளத்தையும் அதன் நுனியில் கொடுக்கும் விசையையும் பெருக்கினால் அது கிடைக்கும். சிறிய கார்கள் பலவற்றில் இப்போல்ட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய 30 முதல் 40 நியூட்டன் மீட்டர். வீட்டுக் கணக்கில் சொன்னால், ஓரடி நீள ஸ்பேனரின் நுனியில் பத்துக் கிலோ அரிசிப்பை ஒன்றைத் தொங்கவிட்டாலே 30 ஆகிவிடும். நியூட்டன் யாரென்று கேட்டால் புதிதாகத் திறந்த பட்டறைக்காரரோ என்று ஐயுறக்கூடிய மெக்கானிக்கின் மணிக்கட்டில் இந்த அளவு தானாக நிற்கிறது. இயற்பியல் பயின்ற உரிமையாளரோ, ஒழுகிவிடுமோ என்ற அச்சத்தில் அரிசிப்பைக்குப் பதிலாக அரிசி மூட்டையையே தொங்கவிட்ட அளவுக்கு இழுத்துவிடுகிறார். தொட்டி அலுமினியத்தாலும் போல்ட் எஃகாலும் ஆன வண்டிகளில் இந்த மல்யுத்தத்தில் எது தோற்கும் என்பதற்கு உலோகவியல் படிக்க வேண்டியதில்லை. போல்ட் திடீரென்று இலகுவாகச் சுற்றத் தொடங்கும், பிறகு சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டறை மொழியில் இதற்கு 'திரெட் போயிடுச்சு' என்று பெயர். தமிழில் மரை கழன்றது எனலாம். எதனுடையது என்பதை இடம் நோக்கிப் பொருள்கொள்க.

இதன்பின் தொட்டியைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டிக்கொண்டு வருவதற்குள், மிச்சம் பிடித்த கூலி பல மடங்காகத் திரும்பிப் போய்விடும். வண்டி அசையாது நிற்பதால் லேத்துக்கு ஆட்டோவில்தான் போக வேண்டும். தம் வண்டிக்கு ஆயிலைத் தாமே மாற்றிக்கொள்வதாக ஆட்டோ ஓட்டுநர் வழியெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வரவும் கூடும்.

தமிழ்நாட்டில் இந்த ஆசைக்கு ஒரு மூலவர் உண்டு. 1893இல் கோவைக்கு அருகே கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதைப் பாகம் பாகமாகக் கழற்றி மீண்டும் மாட்டியே எந்திர நுட்பம் கற்றவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைக் கொண்டு தொடங்கிய தொழிலிலிருந்து மின்மோட்டார் உற்பத்தி வரை போனவர். இந்த வரலாறு பிள்ளைகளுக்குச் சொல்லப்படும்போது 'கழற்றி' என்ற வினையெச்சம் மனத்தில் பதிகிற அளவுக்கு 'மீண்டும் மாட்டி' என்பது பதிவதில்லை என்பதே இதில் உள்ள இடர். கழற்றியவர்கள் எண்ணிலர், மாட்டியவர்களுக்கு மட்டுமே வரலாறு இடம் கொடுத்தது, மற்றவர்களுடைய முயற்சியின் எச்சம் சென்னைப் புதுப்பேட்டையில் எடைக்குக் கிடைக்கும்.

அக்கால வண்டிகள் கற்பவருக்கு இரக்கம் காட்டின என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடரின் பானட்டைத் திறந்தால், எஞ்சினுக்கு இருபுறமும் தரை தெரியும். தவறி விழுந்த நட்டு நேரே மண்ணில் விழும், குனிந்து எடுத்துக்கொள்ளலாம். தீப்பொறிக்கான மின்னோட்டத்தைத் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கும் சி.பி. பாயிண்ட் கரிபிடித்தால், உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வைத்துவிட்டால் வண்டி மறுபடி உயிர்பெறும். அளவுத்தகடு இல்லாதவர் அட்டைத் துண்டைச் செருகிப் பார்த்தும் காலம் தள்ளினார். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிக்குட்பட்ட காரில் பானட்டுக்கு அடியில் இன்னொரு பானட்போல் ஒரு கரும் பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. விழுந்த நட்டு எங்கும் விழாது. எஞ்சினைச் சுற்றியே ஏதோ ஒரு மறைவிடத்தில் குடியேறி, குண்டுகுழியில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டிருக்கும்.

இத்தகைய வண்டி தன் நோயைத் தானே சொல்லும் என்பது உண்மைதான். ஏதேனும் உணரி வழக்கத்துக்கு மாறான அளவைக் காட்டினால், எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரியும். ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள துளையில் சிறு ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் பி0300 என்பதுபோல் ஒரு குறியீடு வரும், சிலிண்டர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எரிபொருள் சரிவர எரியவில்லை என்பது அதன் பொருள். அது பிளக்காலா, காயிலாலா, காற்றுக்கசிவாலா, எரிபொருளாலா என்பதைக் குறியீடு சொல்லாது. சனி பார்க்கிறது என்று சொல்லிவிட்டு எந்தக் கோயில் என்பதைச் சொல்லாமல் எழுந்துபோகும் சோதிடரை ஒத்தது அது. உரிமையாளர் ஒவ்வொரு பாகமாகப் புதிதாக வாங்கி மாட்டி, எல்லாப் பரிகாரமும் முடித்தபின், எந்தப் பரிகாரம் பலித்தது என்று அறியாமலேயே குணமடைகிறார்.

பிரேக்கைப் பொறுத்தவரை இக்கட்டுரை நடுநிலை வகிக்காது: பழகாதவர் அதைத் தொடலாகாது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையது என்பதால் அவ்வப்போது மாற்றப்பட வேண்டும். மாற்றும்போது குழாய்க்குள் புகும் காற்றை வெளியேற்றுவதற்கு ஏர் எடுத்தல் என்று பெயர். இதற்கு இருவர் தேவை. உள்ளே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, சக்கரத்தருகே இருப்பவர் நிப்பிளைச் சற்றே திறந்து மூடியபின்தான் அவர் காலை எடுக்க வேண்டும். மூடுமுன் எடுத்தால் போன காற்று அத்தனையும் உள்ளே திரும்பிவிடும். பட்டறையில் மெக்கானிக்கும் உதவியாளரும் 'பிடி', 'விடு' என்ற இரண்டு சொல்லில் இதை முடிக்கிறார்கள். வீட்டில் உள்ளே உட்காருபவர் மனைவி; அங்கே 'விடு' என்ற சொல்லுக்கு இருபது ஆண்டுகளாக வேறு பொருள்கள் சேர்ந்திருப்பதால், காற்றைவிட வேறு பல விஷயங்களே வெளியேறுகின்றன.

ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடுவது, வைப்பர் ரப்பர் மாற்றுவது, பேட்டரி முனையில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டுவது ஆகியவை உரிமையாளருக்குரிய வேலைகளே. பேட்டரியில் மட்டும் மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். பாடி முழுவதும் மைனஸோடு இணைந்திருப்பதால், பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீபாவளி அன்றே வந்துவிடும்.

இனிக் கூலிக்கு வரலாம். அது உழைப்புக்கான விலை என்றால் சில நூறு ரூபாய் குறைவே; அனுபவத்துக்கான விலை என்றாலும் குறைவே. நுணுகிப் பார்த்தால் அது பழிக்கான விலை. ஆயில் ஒழுகினால், சத்தம் வந்தால், திண்டிவனம் தாண்டி வண்டி நின்றால், குடும்பத்தோடு சாலையோரம் நின்றுகொண்டு திட்டுவதற்கு உரிமையாளருக்கு ஓர் ஆள் கிடைக்கிறார். வேலையைத் தாமே செய்தவருக்கு அந்த ஆள் கிடைப்பதில்லை, குடும்பத்துக்குத்தான் கிடைக்கிறார்.

இறுதியில் வண்டி பட்டறைக்கே வந்து சேர்கிறது. மெக்கானிக் அடியில் எட்டிப் பார்த்து, விரலால் ஒருமுறை தடவி, சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "யாரு சார் இதுல கை வச்சது?" என்று கேட்பார். "தெரியலண்ணே, போன தடவை வேற ஒருத்தர்கிட்ட விட்டிருந்தேன்" என்பதே இவ்வினாவுக்கு வழிவழியாக வழங்கிவரும் விடை. இலக்கணப்படி இது தன்மை ஒருமையில் வரவேண்டிய விடை. கூச்சம் காரணமாகப் படர்க்கைக்கு மாறியிருக்கிறது. மெக்கானிக்கும் இதை அறிவார் என்பதால் மேற்கொண்டு வினவாமல், அந்த வேற ஒருத்தருக்காக ஒரு சிறு தொகையைக் கூலியோடு சேர்த்துக்கொள்வார். இக்கட்டுரை தொடக்கம் முதல் படர்க்கையிலேயே எழுதப்பட்டிருப்பதற்கு நூல்நடையே காரணம். அதற்கும் ஒரு சம்ப் போல்ட்டுக்கும் தொடர்பு காண முயல்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.