கேளுங்கள் சொல்கிறேன்: சுடுதண்ணீர் ஊற்றுகள்

கெடாவில் எரிமலையே இல்லை. பாலிங் பக்கம் உலு லெகோங்கில் மட்டும் தண்ணீர் எப்படிச் சுடுகிறது? (ஜித்ரா)

எரிமலை எதற்கு? ஆழம் போதும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். மலையில் பெய்த மழை கருங்கல் பாறையின் பிளவுகளில் கீழே இறங்கி, சூடேறி, வேறொரு பிளவு வழியே மேலே வருகிறது.

லங்காவி ஆயர் ஹங்காட்டுக்கு ஏதோ சண்டைக் கதை உண்டாமே? (கூவா)

உண்டு. மாட் ராயா, மாட் சின்சாங் என்று இரண்டு பூதங்கள். கல்யாண விருந்தில் கைகலப்பு. பானை சட்டி பறந்தது. குழம்பு கொட்டிய இடம் உங்கள் கூவா. வெந்நீர் கொட்டிய இடம் ஆயர் ஹங்காட். சம்பந்திச் சண்டையில் ஒரு தீவுக்கே ஊர்ப்பெயர்கள் கிடைத்துவிட்டன!

மலேசியாவில் வெந்நீர் ஊற்றில் தொட்டி கட்டிக் குளிக்கும் வழக்கம் யார் கொண்டுவந்தது? (சுங்கைப் பட்டாணி)

சபாவின் போரிங்கில் கட்டியவர்கள் ஜப்பானியர்கள், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். சண்டைக்கு வந்த இடத்திலும் சொந்த ஊர்க் குளியலை அவர்களால் விட முடியவில்லை. இன்று போரிங், கினபாலு பூங்காவின் பகுதி.

தமிழர் வாழும் இடத்தில் இப்படி ஊற்று உண்டா? (கூலிம்)

திருகோணமலை கன்னியா. ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. தாய்க்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். இறந்தவர்களுக்கான கிரியைகளை மக்கள் இன்றும் அங்கே செய்கிறார்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி. கூட்டிப் போகலாமா? (அலோர் ஸ்டார்)

தாராளமாக. சூடு வலியைத் தணிக்கும், நோயைத் தீர்க்காது. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் இருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். நீரிழிவால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும்; நீங்கள் கைவைத்துப் பார்த்த பிறகே அவர் காலை வைக்கட்டும். தலையை முக்க வேண்டாம். மூக்கில் ஏறும் நீரில் கிருமி இருக்கலாம்.

விடுதிகள் பெருகினால் எங்கள் ஊருக்கு நல்லதுதானே? (பாலிங்)

நல்லதுதான், ஊற்று பிழைத்திருக்கும் வரை. நியூசிலாந்தின் ரோட்டோருவாவில் வீடும் விடுதியும் ஆளுக்கொரு குழாய் இறக்கி வெந்நீரை இழுத்தார்கள். பீச்சியடித்த ஊற்றுகள் தளர்ந்தன. 1986-87இல், பொஹுட்டு ஊற்றைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த குழாய்க்கிணறுகளை அரசு மூட வைத்தது, ஊற்றுகள் தேறின. ஆகவே, அறைகளைக் கூட்டுமுன் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். மேலே மழை வாங்கும் காட்டில் கோடரி விழாமல் பாருங்கள். இந்த இரண்டையும் முதலில் கேட்க வேண்டியவர்கள் பாலிங்காரர்களான நீங்கள்தான்.