அலுமினியக் குண்டானும் ஓவியப் பள்ளியும்

அத்திப்பட்டு என்று ஊர் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: "அஜித் படத்துல காணாமப் போச்சே, அந்த ஊரா?" இல்லை சார். 'சிட்டிசன்' படத்தில் வரைபடத்திலிருந்து துடைக்கப்பட்டது அத்திப்பட்டி. எங்களது அத்திப்பட்டு. கடைசி எழுத்தில் தப்பித்தோம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் எண்ணூரைத் தாண்டினால் புதுநகர் ஒன்று, பழசு ஒன்று என்று எங்களுக்கு இரண்டு ஸ்டேஷன் இருக்கிறது. அந்தப் படம் வந்த அதே 2001இல்தான் எங்கள் கரையில் எண்ணூர் துறைமுகத்தையும் திறந்தார்கள். ஊரை எப்படிக் காணாமல் போக்குவது என்பதைத் திரையிலும் தரையிலும் ஒரே வருஷத்தில் பார்த்த பாக்கியசாலிகள் நாங்கள்.

சரி, கலைக்கு வருவோம். எங்கள் ஊரிலிருந்து கலைக்குப் போக ஒரே வழி லோக்கல் ரயில். அது மூச்சு வாங்கி நிற்கும் மூர் மார்க்கெட் வளாகத்துக்கு எதிரே செக்கச் செவேலென்று விக்டோரியா பப்ளிக் ஹால். அங்கிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே நடந்தால் ஓவியக் கல்லூரி, அந்நாளைய ஓவியப் பள்ளி. நூற்று எழுபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பள்ளி ஊருக்குக் கலையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. காட்ட நினைத்தது ஒன்று, ஊர் பார்த்தது வேறு ஒன்று. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர். ஓவியர் இல்லை, ராணுவத்தில் அறுவை மருத்துவர். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கலையைப் பற்றிப் பேச அறுவை தெரிந்தவர்தானே வேண்டும்! இன்றுவரை கலைக் கருத்தரங்குகளில் அந்த மரபு கெடாமல் காப்பாற்றப்படுகிறது. பள்ளி முதலில் இருந்தது எங்கள் வடசென்னையில், பிராட்வேயில். இரண்டே வருஷத்தில் பூந்தமல்லி சாலைக்கு மூட்டை கட்டிவிட்டது. கலை எங்களை விட்டு ஓடிய முதல் ஓட்டம் அது.

ஹன்டரின் நோக்கம் உயர்ந்தது. உள்ளூர்க்காரர்கள் புழங்கும் சாமான்களை அழகாகச் செய்யக் கற்றுக்கொடுத்து, அவர்களுடைய ரசனையைத் திருத்த வேண்டும். அதாவது, நடராஜரை வார்த்த கைக்குப் பானை வனையச் சொல்லித்தருவது. பாடத்தில் ஓடு, செங்கல், பீங்கான், மரச்செதுக்கு எல்லாம் உண்டு. மனுஷனுக்குக் கேமரா ஆசையும் இருந்தது. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் ஒன்றையும் ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் காலத்து மருத்துவர்கள் மருந்து தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தை 1851இல் கட்டி எழுப்பிய எட்வர்ட் பால்ஃபரும் மருத்துவர்தான். கல், சங்கு, செப்பேடு என்று அடுக்கிவைத்து ஜனங்களுக்காகக் காத்திருந்தார். ஜனங்கள் எதற்குத் திரண்டார்கள் தெரியுமா? அங்கே கட்டி வைத்திருந்த ஒரு புலிக்குட்டிக்கும் ஒரு சிறுத்தைக்கும். பால்ஃபர் கெட்டிக்காரர், புரிந்துகொண்டார். அங்கேயே உயிருள்ள விலங்குகளைச் சேர்த்து ஒரு மிருகக்காட்சிசாலையையே வைத்துவிட்டார். சென்னையில் கலை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு இது முதல் பாடம்: கல்வெட்டைக் காட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை, பக்கத்தில் ஒரு புலியையும் கட்டு.

அடுத்து சிஷோம். ராபர்ட் சிஷோம் கட்டடக் கலைஞர். ஓவியப் பள்ளிப் பொறுப்பையும் கொஞ்ச காலம் சேர்த்துச் சுமந்தார். செனட் ஹவுஸ் கட்டியவர். எங்கள் ரயிலுக்கு எதிரே நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலும் அவர் வரைந்ததே. கட்டித் தந்தவர் நம்பெருமாள் செட்டியார். பேச்சு, நாடகம், படம் மூன்றும் சென்னையில் பந்தி போட்டு உட்கார்ந்த இடம் அது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் ஆரம்பித்த சுகுண விலாச சபா அங்கே நாடகம் போட்டது. வக்கீல்களும் படித்தவர்களும் வேஷம் கட்டினார்கள். அதுவரை 'கூத்தாடி' என்றால் திட்டு. வக்கீல் ஆடினால் சபா. 1897இல் விவேகானந்தர் அங்கே பேசினார். அதே 1897இல் எட்வர்ட்ஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கே சலனப்படம் காட்டினார். ஆன்மிகமும் சினிமாவும் ஒரே வருஷம் ஒரே ஹாலில் ஏறியிருக்கின்றன. பிறகு இரண்டையும் பிரிக்க தமிழ்நாட்டில் யாராலும் முடியவில்லை.

1884இல் ஈ.பி. ஹாவெல் வந்தார். ஐரோப்பாவைக் காப்பியடிக்காதே, உன் ஊர் நெசவைப் பார், உன் ஊர்ச் சிற்பத்தைப் பார் என்ற ரகம். பிற்பாடு கல்கத்தா போய், அங்கிருந்த ஐரோப்பியப் படங்களை அகற்றினார். மாணவர்களே எதிர்த்துக் கிளம்பினார்கள். எங்களுக்கு வெள்ளைக்காரன் படம்தான் வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரனிடமே சண்டை!

இனி வருவதுதான் எங்கள் வீட்டுக் கதை. ஹாவெல் போன பிறகு பள்ளி ஆல்ஃபிரட் சாட்டர்டன் கைக்கு வந்தது. அவர் பொறியியல் பேராசிரியர். ஓவியப் பள்ளியில் நுழைந்து சுற்றும் முற்றும் பார்த்தார். எல்லாரும் பூ வரைந்துகொண்டிருந்தார்கள். இது சரிப்படாது என்று 1898இல் பட்டறையில் அலுமினியத் தகட்டைக் கொண்டுவந்து பாத்திரம் அடிக்க வைத்தார். பித்தளை என்றால் வருஷா வருஷம் ஈயம் பூச வேண்டும், களிம்பு ஏறும், தூக்கினால் இடுப்பு போகும். அலுமினியத்துக்கு ஈயம் வேண்டாம், கனம் இல்லை, விலையும் கட்டுப்படி. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. 1900இல் அதற்கென்று ஒரு கம்பெனியே முளைத்தது. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் பிறந்த வீடு சென்னை ஓவியப் பள்ளி!

யோசித்துப் பாருங்கள். அந்தப் பள்ளி எத்தனையோ மேதைகளை வளர்த்திருக்கிறது, எத்தனையோ கண்காட்சி வைத்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் வீடு தவறாமல் நுழைந்த அதன் ஒரே படைப்பு அலுமினியக் குண்டான். எங்கள் அம்மா சோறு வடித்த குண்டானைக் கவிழ்த்துப் பார்த்தேன், கையெழுத்து இல்லை. தன்னடக்கமான கலைஞர்கள்.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பள்ளித் தலைமைக்கு வந்த முதல் இந்தியர். வங்காளி. மல்யுத்தம் தெரியும், வேட்டை ஆடுவார், புல்லாங்குழல் வாசிப்பார், கதை எழுதுவார். மிச்ச நேரத்தில் சிலை செய்வார். மெரினாவில் உழைப்பாளர் சிலை அவருடையது. நாலு பேர் சேர்ந்து 1959லிருந்து அந்தப் பாறையை நெம்பிக்கொண்டே இருக்கிறார்கள். லீவு கிடையாது, ஓவர்டைம் கிடையாது, யூனியன்காரர்கள் வருஷம் ஒருமுறை மே தினத்தன்று வந்து மாலை போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தச் சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரியின் இரவுக் காவலாளி என்று சொல்வார்கள். ராத்திரி கேட்டில் காவல், பகலில் பாறை. எங்கள் எண்ணூர்ப் பக்கத்துப் பேச்சில் இதற்கு டபுள் ஷிப்ட் என்று பெயர். நகரமே பார்க்கும் வேஷம் அந்த மனுஷனுக்குக் கிடைத்தது, கைதட்டல்தான் கிடைக்கவில்லை.

ராய் சௌத்ரிக்குப் பின், 1957இல் அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். படம் வரைந்தால் சோறு கிடைக்காது என்பது பணிக்கருக்கும் தெரியும், மாணவர்களுக்கும் தெரியும், பெண் வீட்டாருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அதனால் துணியில் பாத்திக் போட்டு விற்று, சேர்த்த காசில் ஈஞ்சம்பாக்கத்தில் சவுக்கும் மணலுமாகக் கிடந்த நிலத்தை வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். ராஜராஜனுக்குப் பிறகு அந்தப் பெயரில் நிலம் பிடித்தவர்கள் இவர்கள்தான். அவன் வாளால் பிடித்தான், இவர்கள் மெழுகும் சாயமும் வைத்து.

வரைபடத்தை விரித்தால் வேடிக்கை தெரியும். 1966இல் ஓவியர்கள் தெற்குக் கோடிக்குப் போனார்கள். 1970இல் எண்ணூருக்கு அனல்மின் நிலையம் வந்தது. 1994இல் அத்திப்பட்டிலேயே இன்னொன்று. கடற்கரை ஒன்றுதான். தெற்கே கித்தான், வடக்கே கரி. அவர்கள் சாம்பல் நிறத்தைக் குழாயிலிருந்து பிதுக்கினார்கள். எங்களுக்கு அது கொடியில் காய்கிற வேட்டியிலேயே இலவசமாக விழுந்தது.

சோழமண்டலத்தில் ஒரு திறந்தவெளி அரங்கும் கட்டினார்கள். கவிதை வாசிப்பு, நடனம், நாடகம் எல்லாம் நடந்தன. நடுவில் நகரத்திலும் ஒரு நாடகக் கூட்டம் சூடாகியிருந்தது. ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கினார். ஞாநி பரீக்‌ஷா குழுவோடு கிளம்பினார். 1980இல் வங்காளத்து பாதல் சர்க்கார் சோழமண்டலத்துக்கு வந்து நாடகப் பட்டறை நடத்தினார். தமிழ் நவீன நாடகத்தில் அந்தப் பட்டறையைச் சொல்லாமல் யாரும் பேச்சை ஆரம்பிப்பதில்லை. அவருடைய கொள்கை எளியது: மேடை வேண்டாம், விளக்கு வேண்டாம், அரங்க அலங்காரம் வேண்டாம், டிக்கெட் வேண்டாம், மனுஷ உடம்பு போதும். கலந்துகொண்டவர்கள் சிலிர்த்துப் போனார்கள். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால் அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டிருப்பார்: "மேடை இல்ல, லைட்டு இல்ல, துட்டும் இல்ல. இதத்தானப்பா நாங்க தலமுற தலமுறயா பண்ணிங்கீறோம்?"

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். பிரளயனின் சென்னைக் கலைக்குழு போன்றவர்கள் வீதி நாடகத்தைத் தொழிலாளர்கள் நடுவில் கொண்டுபோனார்கள். தெற்கே ஓடிப்போன கலை வடக்கே திரும்பிய முதல் நடை அது. ஷிப்ட் விட்டு வருகிறவன் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பான். பிடித்தால் நிற்பான், பிடிக்காவிட்டால் மணியடித்துக்கொண்டே போவான். எந்தச் சபா விமர்சகரும் அவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு எழுதியதில்லை.

ஓவியக் கல்லூரி இதற்கிடையே தன் வழக்கத்தை விடவில்லை. வரையச் சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் வேறெங்கோ போய் நிற்பார்கள். சிவகுமார் அங்கே ஓவியம் படித்தார், நடிகரானார், வயதான பிறகு குறிப்புத் தாள் இல்லாமல் கம்பராமாயணத்தை மேடையில் மணிக்கணக்கில் கொட்டினார். தோட்டா தரணி அங்கே படித்துவிட்டு, இல்லாத ஊர்களைச் சினிமாவில் கட்டினார். ஆவடிப் பக்கத்திலிருந்து, எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பையன் ஒருவர் அங்கே படிக்கப் போனார். 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்', 'சிட்டி ஆஃப் காட்' மாதிரிப் படங்களைப் பார்த்து உறக்கம் கெட்டார். பெயர் பா. ரஞ்சித்.

அல்ஜியர்ஸ் நகரத்துச் சந்துகளைப் பார்க்கிறவனுக்கு வியாசர்பாடி ஞாபகம் வராமல் இருக்குமா? 2014இல் அவர் 'மெட்ராஸ்' எடுத்தார். கதாநாயகன் ஒரு சுவர். அந்தச் சுவரில் யார் படம் வரைவது என்பதற்கு வெட்டு, குத்து, கட்சி, துரோகம் எல்லாம். ஓவியப் பள்ளியில் சுவரோவியம் என்று பாடம் நடத்துவார்கள். சுவர் யாருடையது என்ற கேள்வி அந்தப் பாடத்தில் வராது. அது வடசென்னையில் மூன்றாம் கிளாஸ் பாடம்.

2017 ஜனவரியில் சபாவே எங்கள் கழிமுகத்துக்கு வந்தது. கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் கேமரா முன் நின்று பாடினார். எழுதியவர் கபேர் வாசுகி, படமாக்கியவர் ரதீந்திரன் பிரசாத். பாட்டின் பெயர் 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. எங்கள் தெருவில் "டேய் பொறம்போக்கு" என்றால் அடிதடி நிச்சயம். அந்தச் சொல்லை அவர் ஆனந்தபைரவி ராகத்தில் இழுத்தார். புறம்போக்கு என்றால் உதவாக்கரை இல்லை, ஆறும் ஏரியும் கழிமுகமும் எல்லாருக்கும் பொதுவானது என்று விளங்க வைத்தார். மார்கழிக் கச்சேரிக்குப் போனால் கேன்டீனில் அடையும் அவியலும் உண்டு. எங்களிடம் சாம்பல்தான் இருந்தது. ஆனாலும், முப்பது வருஷம் திட்டு வாங்கின வார்த்தை ராகத்தில் வந்தபோது கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அடுத்த ஜனவரியில் ரஞ்சித்தும் தென்மாவும் சேர்த்த 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியது. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கண் விழிக்கப் பாடிய கானா, மைக்கும் கிட்டாருமாக நின்றது. ஹன்டர் உயிரோடு இருந்து கேட்டிருந்தால் ரசனையைத் திருத்த ஒரு கத்தியை எடுத்திருப்பார். யாருடைய ரசனையை என்பதுதான் கேள்வி.

போன வாரம் மாலை லோக்கலில் ஏறினேன். விக்டோரியா ஹாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டி கிளம்பியது. எதிர் சீட்டில் ஷிப்டுக்குப் போகும் பெரியவர். ஊரெல்லாம் எவர்சில்வருக்கு மாறிய பிறகும் அலுமினியத் தூக்கை விடாதவர். அதை மடியில் வைத்து, அதன் மேல் செல்போனைச் சாய்த்து, 'சார்பட்டா பரம்பரை' பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நின்றிருந்த நாலு பேர் கழுத்தை நீட்டினார்கள். தூக்கு சாட்டர்டனுடையது, படம் ரஞ்சித்துடையது. ஒரே பள்ளி, நடுவில் நூற்றிச்சொச்சம் வருஷம். இரண்டும் சந்தித்துக்கொள்ள தண்டையார்பேட்டை தாண்ட வேண்டியிருந்தது.

எண்ணூர் வந்ததும் பெரியவர் படத்தை நிறுத்திவிட்டார். "அண்ணே, பைட்டு நேரத்துல நிறுத்திட்டியே!" என்று எட்டிப் பார்த்தவன் அலறினான்.

"பசிக்குது நைனா" என்று சொல்லி, அவர் திரையரங்கின் மூடியைத் திறந்தார். உள்ளே கருவாட்டுக் குழம்பு.