இடப்பக்கம் இழுக்குது

காரவள்ளியில் தொடங்கிக் கொல்லிமலை ஏறி முடிப்பதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் பஸ்ஸைப் பிசகில்லாமல் ஒடித்துத் திருப்பினார் டிரைவர். அன்று சாயங்காலமே செம்மேட்டில் அக்கா வீட்டு டிவியில் நான் ஒரு கார் ஓட்டினேன். வளைவே இல்லாத ரோடு. ஐந்து நிமிடத்தில் ஆறு மரம்.

"நான் தொடவே இல்லடா, அதுவா போவுது."

கன்ட்ரோலரைத் தரையில் வைத்தும் காட்டினேன். கார் மெல்ல இடதுபக்கம் ஒதுங்கி, புல்லில் இறங்கி, ஏழாவது மரத்தை நிதானமாகத் தேடிப் போய் முட்டியது.

"அது இழுக்கும் மாமா. லேசா வலதுபக்கம் அழுத்தியே புடிச்சுக்கணும்" என்றான் அக்கா மகன், ஓட்டை மொபெட்டை இரவல் தருகிறவன் மாதிரி.

யாரும் தொடாமலே அசைந்து, சிரித்து, ஆளைச் சாய்க்கும் கொல்லிப்பாவையின் கதை உள்ள மலை இது. எனக்குக் கொஞ்சம் உதறல்தான். அக்கா அசரவில்லை: "ராவும் பகலும் நோண்டுனா இழுக்காம என்ன பண்ணும்?"

துப்பாக்கி விளையாட்டு இன்னும் மோசம். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். நான் சுட்ட ஐம்பது குண்டும் ஒரே தண்ணீர்த் தொட்டியில். பாட ஆளில்லை.

மறுநாள் ரேடியோ, மிக்ஸி பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கன்ட்ரோலரைக் கொண்டுபோனோம். நாலு திருகாணியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இதென்னங்க, ரெண்டு வால்யூம் கன்ட்ரோலு!"

விளையாட்டு உலகத்தின் மானத்தை அப்படி யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் உண்மை அதுதான். கட்டைவிரலால் தள்ளும் குச்சிக்கு அடியில் இடம் வலத்துக்கு ஒன்று, மேல் கீழுக்கு ஒன்று. கரித்தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே ஓடுகிறது. தடம் தேய்ந்து தூசியும் சேர்ந்தால், பழைய ரேடியோவில் குமிழைத் திருகும்போது கரகரக்குமே, அதே வியாதி. குச்சி நடுவில் நின்றாலும் வோல்டேஜ் நடுவில் நிற்காது. காருக்கு அது 'இடது' என்று கேட்கிறது.

தேய வழியில்லாத ரகமும் உண்டு. 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவை வைத்துக் காந்தத்தால் இயங்குவது, உரசலே கிடையாது. 1998-ல் வந்த ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இருந்தது. அப்புறமும் ஏன் கரியையே கட்டி அழுகிறார்கள்? மலிவு, வேறென்ன.

"மாத்தணும்னா 14 எடத்துல ஈயம் எடுக்கணும். மொதல்ல கழுவிப் பாப்போம்" என்று ஆல்கஹாலை இரண்டு சொட்டு விட்டு, ஆட்டுக்கல் குழவி மாதிரி குச்சியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினார்.

வீட்டில் கார் கோடு போட்டதுபோல் நேராக ஓடியது. பையன் வாங்கினான். ஓட்டிய வேகத்தில் வலதுபக்கச் சுவரில் மோதினான். மறுபடியும் வலதுபக்கம்.

"என்னடா, இன்னும் சரியாகலியா?"

"அது சரியாயிருச்சு மாமா. என் கட்டவெரல்தான் இழுக்குது."